ஒரு செம்புத் தண்டை இழுத்தல்

மெதுவாக இழுத்தால் நீளும், வெடுக்கென்று இழுத்தால் அறும் என்பது நம் கைகளுக்குப் பழகிப்போன அறிவு. திருவிழாக் கூட்டத்தில் ஜவ்வுமிட்டாய்க்காரர் மூங்கில் உச்சியிலிருந்து மிட்டாயை உருவும் நிதானத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உலோகங்களின் நடத்தை இவ்வளவு எளியதல்ல என்றாலும், அவசரம் பொருளை அறுக்கும் என்ற எண்ணம் நம்முள் ஆழமாகவே இருக்கிறது. சில நானோமீட்டர் தடிமனே உள்ள ஓர் உலோகத் தண்டில், ஓர் எல்லைக்கு மேற்பட்ட வேகத்தில், இது தலைகீழாகிவிடுகிறது. அந்தத் தண்டை மெதுவாக இழுத்தால் ஓரிடத்தில் நழுவி, மெலிந்து, அறுகிறது. கற்பனைக்கும் எட்டாத வேகத்தில் இழுத்தாலோ, அறுவதற்குப் பதிலாகத் தான் படிகமாக இருப்பதையே கைவிட்டு, உருவமற்ற குழம்பாகி, சீராக நீள்கிறது.

இதை நான் சில ஆண்டுகள் வேலையாகவே செய்தேன். செம்பாலான தண்டு, செம்பு கணினிக்குள் இருந்தது, அவ்வளவுதான். ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வில், வெளியிலிருந்து வந்திருந்த மூத்த பேராசிரியர் ஒருவர் கடைசிப் படம் வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எல்லாம் சரி. இழுபட்டது செம்பா, உங்கள் அவசரமா?” என்றார். அரங்கில் சிரிப்பு எழுந்தது. அவர் சிரிக்கவில்லை. கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருந்தார். அன்று நான் சொன்ன விடை அவருக்குப் போதுமானதாக இருந்தது, பட்டமும் கிடைத்தது. எனக்குத்தான் போதவில்லை. மூன்று ஆண்டு உழைப்பு இயற்கையைப் பற்றியதா, அல்லது என் இழுப்பு வேகம் உண்டாக்கிய ஒரு தோற்றம்தானா என்பது பட்டத்தால் தீர்கிற விஷயமல்ல. இலக்கியம் பேசும் நண்பர்களுக்கிடையில் இதை எடுத்துவைக்கிறேன். சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் உலோகம் எப்படி வளைகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். உலோகத்தில் அணுக்கள் அடுக்கடுக்கான தளங்களாக ஒழுங்குடன் அமைந்திருக்கின்றன. ஒரு தளம் இன்னொன்றின் மீது வழுக்கிச் சென்றால் உலோகம் உருமாறுகிறது. 1926இல் யாக்கோவ் ஃபிரெங்கெல் என்ற ரஷ்ய அறிஞர், ஒரு தளம் முழுவதையும் ஒரே சமயத்தில் நகர்த்த எவ்வளவு விசை தேவை என்று கணக்கிட்டார். வந்த விடை உண்மையான படிகங்கள் காட்டிய வலிமையைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம். கணக்கில் பிழையில்லை, ஆனால் உலோகங்களோ கையால் வளைந்துகொண்டிருந்தன. 1934இல் டெய்லர், ஓரோவன், பொலானி என்ற மூவர் தனித்தனியே ஒரே விடையைக் கண்டடைந்தார்கள். தளம் ஒரேயடியாக நகர்வதில்லை. படிகத்தின் ஒழுங்கில் ஒரு பிசகு இருக்கிறது, அந்தப் பிசகு மட்டும் வரிசை வரிசையாக நகர்ந்து செல்கிறது. பெரிய ஜமக்காளத்தைத் தரையில் இழுத்து நகர்த்துவது கடினம். ஓரத்தில் ஒரு மடிப்பை உண்டாக்கி அதை மறுகோடிவரை தள்ளிக்கொண்டு போனால் ஜமக்காளம் ஒரு விரற்கடை நகர்ந்திருக்கும். அந்த மடிப்பைத் தமிழ்ப் பாடநூல்களில் பலவிதமாக எழுதுகிறார்கள். நான் பிறழ்வு என்றே சொல்கிறேன். 1947இல் லாரன்ஸ் பிராக்கும் ஜான் நையும் சோப்புக் குமிழிகளைத் தண்ணீரின் மேல் ஒரே அளவில் பரப்பி, அந்தக் குமிழிப் படலத்தை நெருக்கியபோது பிறழ்வு ஓடுவதைக் கண்ணால் காட்டினார்கள். அணுக்களைக் காண வழியில்லாத காலத்தில் குமிழிகள் அணுக்களாக நடித்தன. பிற்பாடு கணினியில் நாங்கள் செய்ததும் ஏறக்குறைய அதே நாடகம்தான் என்று எனக்குப் பலமுறை தோன்றியிருக்கிறது.

ஆக, உலோகம் இணங்கிக்கொடுப்பது அதன் குறையினால். இதைப் பாடமாகப் படிப்பதற்கு வெகு முன்பே எங்கள் தெருவில் பத்தர் ஒருவரின் பட்டறையில் பார்த்திருக்கிறேன். வரிசையாகச் சிறுத்துக்கொண்டே போகும் துளைகளிட்ட எஃகுத் தகட்டின் வழியாகத் தங்கக் கம்பியை இழுப்பார். இரண்டு மூன்று துளைகள் தாண்டியதும் நிறுத்திவிடுவார். “விறைச்சுக்கிச்சு தம்பி, இனி இழுத்தா அறும்” என்று சொல்லிக் கம்பியைச் சுருட்டித் தணலில் காட்டுவார். இழுக்க இழுக்கப் பிறழ்வுகள் பெருகி, ஒன்றையொன்று பின்னிக்கொண்டு, நகர முடியாமல் சிக்குண்டு நிற்கும் நிலையைத்தான் அவர் விறைப்பு என்றார். சூடு அந்தச் சிக்கை அவிழ்க்கிறது. மேலும் இழுக்கத் தேவையான அவகாசத்தை அவர் நெருப்பிடமிருந்து வாங்கிக்கொண்டிருந்தார்.

பிறழ்வுகளே இல்லாத உலோகம் கிடைத்தால்? 1956இல் பிரென்னர் என்பவர் மயிரிழை போன்ற நுண்ணிய இரும்புப் படிகங்களை இழுத்துப் பார்த்தார். சிறந்த ஓர் இழை 13 கிகாபாஸ்கல் வரை தாங்கியது; இது ஃபிரெங்கெலின் பழைய கணக்கை நெருங்குகிற எண். 2004இல் மைக்கேல் உச்சிக்கும் அவருடைய குழுவினரும் அயனிக் கற்றையால் நிக்கலில் நுண்தூண்களைச் செதுக்கி அமுக்கியபோது, தூண் சிறுத்தால் வலிமை கூடுவதைக் கண்டார்கள். தங்கத் தூண்களை அமுக்கிப் பார்த்த ஜூலியா கிரியரும் வில்லியம் நிக்ஸும் 2006இல் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்கள்: அவ்வளவு சிறிய உடலில் பிறழ்வு ஒன்று இன்னொன்றைச் சந்தித்துப் பெருகுவதற்கு முன்பே மேற்பரப்பை அடைந்து வெளியேறிவிடுகிறது; படிகம் பிறழ்வுக்குப் பட்டினி கிடக்கிறது. பட்டினி என்ற அந்தச் சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். குறையே உணவாகிற உடல்.

இனி என் தண்டு. 5 நானோமீட்டர் விட்டம், 20 நானோமீட்டர் நீளம், சுமார் 33,000 செம்பு அணுக்கள். இவற்றில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று மேற்பரப்பில் நிற்பவை. அணுக்களுக்கிடையிலான விசையைச் சொல்லும் சூத்திரத்தை 1980களில் மர்ரே டா, மைக்கேல் பாஸ்கஸ் இருவரும் வகுத்த முறையிலிருந்து எடுத்துக்கொண்டோம்: ஒவ்வோர் அணுவும் சுற்றியுள்ளவற்றின் மின்னணுக் கடலில் அமிழ்ந்திருக்கிறது என்பது அதன் சாரம். பிறகு நியூட்டனின் விதிப்படி ஒவ்வோர் அணுவையும் ஓரடி நகர்த்துவது, மீண்டும் விசைகளைக் கணக்கிடுவது, மீண்டும் ஓரடி. இந்த வழியில் முதன்முதலில் ஒரு திரவத்தை, 864 ஆர்கான் அணுக்களைக்கொண்டு, 1964இல் நடத்திக் காட்டியவர் ஹைதராபாத்தில் பிறந்து அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் பணியாற்றிய அனீசுர் ரஹ்மான். ஆர்கான் ஆய்வகத்தில் ஆர்கான் என்பது தற்செயல். தமிழில் எழுதும்போது மட்டும் தோன்றும் சிலேடை.

சிக்கல் அந்த ‘ஓரடி’யில் இருக்கிறது. அணுக்களின் அதிர்வைத் தவறவிடாமலிருக்க வேண்டுமானால் ஓர் அடி சுமார் ஒரு ஃபெம்டோ வினாடிக்கு மேல் போகக்கூடாது. ஒரு வினாடியின் கோடியில் ஒரு பங்கை எடுத்து, அதைப் பத்துக் கோடியாகப் பிளந்தால் வருவது. சோதனைச்சாலையில் ஒரு கம்பியை வழக்கமான வேகத்தில், வினாடிக்கு அதன் நீளத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வீதம் இழுத்தால், 10 சதவீதம் நீள 100 வினாடிகள் ஆகும். அதையே கணினியில் செய்யப் புகுந்தால், வினாடிக்கு 1,000 அடிகள் போடும் நல்ல கணினிகூட 30 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஓட வேண்டும். எனக்கு ஆய்வு உதவித்தொகை மூன்று ஆண்டுகளுக்குத்தான். ஆகவே இந்தத் துறையில் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன்: வேகமாக இழுத்தேன். வினாடிக்குப் பத்துக் கோடி மடங்கு, நூறு கோடி மடங்கு, பத்தாயிரம் கோடி மடங்கு என்ற வீதங்களில். நூறு கோடி என்றவுடன் மிரள வேண்டாம். 20 நானோமீட்டர் தண்டுக்கு அது ஒரு முனையை வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் இழுப்பதற்குச் சமம். நெடுஞ்சாலைப் பேருந்தின் வேகம்தான்.

‘மெதுவான’ ஓட்டத்தில், அதாவது பத்துக் கோடியில், நடப்பது கண்ணுக்கு இனியது. முதல் எட்டு, ஒன்பது சதவீதம் வரை தண்டு ரப்பரைப் போல மீட்சியுடன் நீள்கிறது. விட்டால் பழைய இடத்துக்கே திரும்பும். ஒரு சாதாரணச் செம்புக் கம்பி இதில் நூறில் ஒரு பங்கைக்கூடத் தாங்காது. பிறகு மேற்பரப்பில் எங்கோ ஒரு விளிம்பில் ஓர் அணு தன் இடத்தைவிட்டு நழுவும். அந்த நழுவல் ஒரு சரிந்த தளத்தின் வழியே குறுக்காக ஓடி மறுபக்கத்தில் ஒரு படியாக வெளிப்படும். பிறகு பக்கத்துத் தளம், அதற்கடுத்த தளம். சில இடங்களில் படிகம் கண்ணாடிப் பிம்பம்போல் தன்னையே திருப்பி அடுக்கிக்கொள்ளும். தகைவு மளமளவென்று இறங்கும். கடைசியில் ஓரிடம் மட்டும் மெலியத் தொடங்கும்; மற்ற பகுதியெல்லாம் அந்த இடத்திடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு ஓய்ந்துவிடும். இடை சிறுத்து, சிறுத்து, நான்கைந்து அணுக்களாகி, ஒற்றை அணுவாகி அறும். இது கணினியின் கற்பனையல்ல. 1998இல் ஜப்பானில் ஓனிஷி, கோண்டோ, தகயநாகி மூவரும் மின்னணு நுண்ணோக்கிக்குள் தங்கத்தை இழுத்து, இரு முனைகளுக்கிடையே ஒற்றை வரிசையாக நிற்கும் தங்க அணுக்களைப் படமெடுத்தார்கள். அந்தப் படத்தை முதன்முதலில் பார்த்தபோது எனக்குள் ஏற்பட்ட நிம்மதியை நண்பர்களிடம் சொல்லிப் புரியவைக்க முடிந்ததில்லை.

வேகத்தைக் கூட்டினால் காட்சி மாறுகிறது. முதல் நழுவல் தண்டு முழுவதையும் தளர்த்தும் முன்பே இரண்டாவது, பத்தாவது, ஐம்பதாவது நழுவல்கள் வேறு வேறு இடங்களில் எழுகின்றன. யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. மெலிவதற்கென்று ஓரிடம் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை. பத்தாயிரம் கோடியில் நழுவல் என்ற பேச்சுக்கே இடமில்லை, தளங்களே தெரியவில்லை. ஓர் அணுவைப் பிடித்துக்கொண்டு அதன் அண்டை அயலைப் பார்த்தால், பக்கத்து வீட்டுக்காரர்கள் ஏறக்குறைய அதே தொலைவில், ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் இருக்கிறார்கள். தெருதான் இல்லை. படிகத்தில் இரண்டாவது அண்டைக்கென்று ஒரு குறிப்பிட்ட தூரம் உண்டு. வரைபடத்தில் அந்தச் சிகரம் கரைந்து போயிருக்கும்.

1999இல் அமெரிக்காவின் கால்டெக்கில் இகேடாவும் உடன் பணியாற்றியோரும் நிக்கல் கம்பியிலும் நிக்கலும் செம்பும் கலந்த கம்பியிலும் இதைக் கண்டு எழுதியிருந்தார்கள். நிக்கல் கம்பி 7.5 சதவீதம் வரை, 5.5 கிகாபாஸ்கல் தகைவு வரை, எந்த வேகத்திலும் மீட்சியுடனேயே இருக்கிறது. அதன்பின் வேகம் மிகுந்திருந்தால் படிகம் படிப்படியாகத் தன் ஒழுங்கை இழந்து கண்ணாடி நிலையை அடைகிறது. குறையோ, கலப்போ, தொடக்கப்புள்ளியோ எதுவும் இல்லாமலேயே. இதே கால்டெக்கில்தான் 1960இல் தங்கமும் சிலிக்கனும் சேர்ந்த உருகலைச் சட்டென்று குளிர்வித்து முதல் உலோகக் கண்ணாடியைச் செய்தார்கள். அங்கே அணுக்கள் ஒழுங்காக உட்காருவதற்கு அவகாசம் தரப்படவில்லை. இங்கே ஒழுங்காகக் கலைவதற்கு அவகாசம் தரப்படவில்லை.

சூட்டினால் உருகியிருக்கலாமே என்று ஒருவர் கேட்கலாம். கேட்டார்கள். எங்கள் ஓட்டத்தில் வெப்பநிலை 300 கெல்வினில் நிறுத்தப்பட்டிருந்தது. உருமாற்றத்தில் பிறந்த சூட்டை ஒரு கணித உபாயம் அவ்வப்போதே உறிஞ்சிக்கொண்டது. ஆகவே அது வெறும் உருகல் அல்ல. ஆனால் உண்மையான ஒரு தண்டில் அந்தச் சூட்டை அவ்வளவு விரைவில் வாங்கிக்கொள்ள யாரும் இல்லை. இந்த உபாயத்தைக் குறித்த என் சங்கடம் கடைசிவரை தீரவில்லை. துறையில் பலர் இதை ஒரு வரியில் எழுதிவிட்டுக் கடந்துபோகிறார்கள். எனக்கு அது அழகாகப் படவில்லை.

இன்னொரு சங்கடம், எப்படி இழுப்பது என்பது. 1872இல் மான்செஸ்டரில் ஜான் ஹாப்கின்சன் ஓர் இரும்புக் கம்பியைத் தொங்கவிட்டு, அதன் கீழ்முனையில் எடையை விழச்செய்து அறுத்துப் பார்த்தார். கம்பி அறுவதைத் தீர்மானித்தது எடை எவ்வளவு என்பதைவிட அது எந்த உயரத்திலிருந்து, எந்த வேகத்தில் விழுந்தது என்பதுதான். குறிப்பிட்ட வேகங்களில் கம்பி அடிபட்ட கீழ்முனையில் அறாமல் மேலே கட்டியிருந்த முனையில் அறுந்தது. இழுப்பு என்பது ஒரு செய்தி. அது கம்பியின் வழியே ஒலியின் வேகத்தில் பயணம் செய்கிறது, மேல்முனையில் மோதித் திரும்பும்போது இரட்டிக்கிறது. என் செம்புத் தண்டில் அந்தச் செய்தி 20 நானோமீட்டரைக் கடக்கச் சுமார் 5 பிக்கோ வினாடி ஆகும். பத்தாயிரம் கோடி வீதத்தில் அந்த 5 பிக்கோ வினாடிக்குள் தண்டு பாதி நீளம் கூடியிருக்க வேண்டும்! ஒரு முனையை மட்டும் பிடித்து இழுத்தால், மறுமுனைக்குத் தான் இழுபடுவது தெரியும் முன்பே இந்த முனை பிய்ந்துவிடும். அதனால் ஒவ்வோர் அணுவுக்கும் அது நிற்கும் இடத்துக்குத் தக்க வேகத்தைத் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுகிறோம். செய்தி போய்ச்சேரக் காத்திருக்காமல் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் சொல்லிவிடுவது.

இப்போது பேராசிரியரின் கேள்விக்கு வரலாம். நான் இன்று அதை ஓர் எண்ணைக்கொண்டு புரிந்துகொள்கிறேன். செம்பில் ஓர் அணு வினாடிக்குச் சுமார் 7 லட்சம் கோடி முறை அதிர்கிறது. ஒவ்வோர் அதிர்வும் அது தன் இடத்தைவிட்டு நழுவிப்பார்க்கும் ஒரு முயற்சி. சோதனைச்சாலையில் 100 வினாடியில் 10 சதவீதம் நீளும் கம்பியில் ஓர் அணுவுக்குக் கிடைக்கும் முயற்சிகள் 700 லட்சம் கோடி. நூறு கோடி வீதத்தில் இழுக்கும் கணினித் தண்டில், அதே 10 சதவீதத்துக்கு, 700. பத்தாயிரம் கோடி வீதத்தில் 7.

ஏழு முறை அசைந்து பார்ப்பதற்குள் ஓர் அணு எந்தத் தளத்தில், எந்தத் திசையில், யாருடன் சேர்ந்து நழுவுவது என்று கண்டுகொள்ள வேண்டும். கண்டுகொள்ள முடியாது. தண்டு அறுவதற்கும்கூட ஒரு வழியைத் தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்தத் தேடலுக்கு ஏழு முயற்சிகள் போதாது. எனவே இருந்த இடத்திலிருந்தே எல்லா அணுக்களும் கலைகின்றன.

இழுபட்டது செம்புதான் என்று இன்று தயங்காமல் சொல்வேன். இத்தகைய அவசரம் உலகில் இல்லாததல்ல. லேசர் துடிப்பால் தாக்கப்படும் மெல்லிய உலோகத் தகட்டில் உருமாற்றம் வினாடிக்கு நூறு கோடி மடங்கு என்ற வீதத்தையும் தாண்டுகிறது. 2013இல் கலிபோர்னியாவின் எக்ஸ்கதிர் லேசர் நிலையத்தில், லேசரால் தாக்கப்பட்ட செம்பு முதலில் மீட்சியுடன் ஒரே திசையில் ஒடுங்கி, பிறகு இணங்கிக்கொடுப்பதைப் பிக்கோ வினாடிக் கணக்கில் படம்பிடித்தார்கள். அது அமுக்கல்தான், இழுப்பல்ல. ஆயினும் கணினி பேசிவந்த காலஅளவில் உலோகம் தானே முன்வந்து பேசிய தருணம் அது. நான் ஏற்காதது வேறொன்று: பத்துக் கோடி வீதத்தில் கிடைத்த வலிமையை எடுத்துக்கொண்டு, ‘இந்தத் தண்டின் வலிமை இவ்வளவு’ என்று வேகத்தைக் குறிப்பிடாமல் எழுதிவிடுவது. ஒரு மனிதனை ஏழு நொடி பார்த்துவிட்டு அவன் குணத்தைச் சொல்வதைப் போன்றது. அந்த ஏழு நொடியில் பார்த்தது பொய்யல்ல.

ஒரு ஓட்டத்தை மட்டும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஆய்வேட்டில் அது இடம்பெறவில்லை. பத்தாயிரம் கோடி வீதத்தில் இழுத்துக் குழம்பாக்கிய தண்டை, அறுவதற்கு முன் நிறுத்திவிட்டு, எதுவும் செய்யாமல் கணினியை ஓடவிட்டேன். 2014இல் தூய டான்டலத்தையும் வனேடியத்தையும் அசாத்திய வேகத்தில் குளிர்வித்துக் கண்ணாடியாக நிறுத்திக்காட்டியிருக்கிறார்கள். தங்கம், செம்பு வகை உலோகங்கள் அப்படி எளிதில் நிற்பவையல்ல. என் தண்டும் நிற்கவில்லை. இரு முனைகளிலும் பிடிமானத்துக்காக அசையவிடாமல் வைத்திருந்த சில அடுக்குகள் இன்னும் படிகமாகவே இருந்தன. அவற்றை ஒட்டிய அணுக்கள் முதலில் ஒழுங்குக்குத் திரும்பின. வரிசை உள்நோக்கி வளர்ந்தது. அதற்குள் நடுப்பகுதியிலும் யாரையும் கேளாமல் ஒரு படிகம் முளைத்திருந்தது. அதன் தளங்கள் பழைய திசையில் இல்லை. இரண்டு பக்கங்களிலிருந்தும் வந்தவை அதைத் தொட்ட இடங்களில், அணுக்கள் எந்தப் பக்கமும் சேராமல், இரண்டு மூன்று அடுக்கு அகலத்துக்கு ஒரு வரப்பாக நின்றுவிட்டன. அன்று இரவு முழுவதும் ஓடவிட்டுப் பார்த்தேன். வரப்பு நகரவில்லை.